நேராக்கிய மரம்

எனக்குக் கோடு நேராக வராது. இடப்பக்கம் சாயும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டி, "உனக்குக் கையே கோணல்டி" என்று சொன்னது ஐம்பது வயதிலும் காதில் இருக்கிறது. அதை நான் அப்படியே நம்பிவிட்டேன். பின்னால் வந்த வினை முழுக்க அந்த நம்பிக்கையில் வந்ததுதான்.

நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மங்கிப்போன பழைய பத்திரம், பட்டா எது கொண்டுவந்தாலும், மிஷினில் டார்க்கைக் கூட்டிக் கூட்டி எழுத்தை எழுப்பிக் கொடுத்துவிடுவேன். திருவாரூரிலிருந்துகூட அதற்காக ஆள் வருவார்கள். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஈ ஓட்ட வேண்டியதுதான். சீரியல் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், போன சித்திரையில் போனில் படம் வரையக் கற்றுக்கொடுக்கும் வீடியோ ஒன்றைப் போட்டேன். கற்றுக்கொடுக்கும் பெண்ணின் முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். "நீங்க நினைக்கிறதை வரையாதீங்க, பாக்கிறதை வரைங்க" என்று ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வாள்.

முதலில் கடை வாசலில் படுக்கும் ஆட்டை வரைந்தேன். பட்டா நகல் எடுக்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "நாய் நல்லா வந்திருக்குங்க" என்றார். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இருபது வருஷமா நகல் எடுக்கிறே, ஒரு ஆட்டை நகல் எடுக்க வரலியே" என்றார். அந்த மனுஷனுக்கு இரண்டு நாள் காபி போட்டுக் கொடுக்கவில்லை. பிறகு காக்கை, மடையான், வயலில் நிற்கும் கொக்கு என்று வரைந்து தள்ளினேன். கொக்கின் கழுத்து ஒருநாள் சரியாக வந்துவிட்டது. கடையில் யாரும் இல்லை, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதற்கு வலப்பக்கம் வாய்க்கால். இடப்பக்கம் மர நிழலில் ஓர் இஸ்திரி வண்டி, அதையும் தாண்டி ஒரு கரண்டு கம்பம். வண்டிக்காரர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். மரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே கயிறு கட்டித் தார்ப்பாய் போட்டிருந்தார். மரத்துக் கொக்குகள் துணியில் எச்சம் போடாமல் இருக்கத்தான் அது.

வைகாசியில், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால், ஜேசிபி வைத்து வாய்க்காலைத் தூர் வாரினார்கள். வாரிய வேகத்தில் மரத்தடிக் கரையையும் அள்ளிக்கொண்டு போனார்கள். தொடைத் தடிமன் வேர்கள் அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வரைய நன்றாக இருக்குமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆவணிக் கடைசியில் மரத்தை வரைய உட்கார்ந்தேன். வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. வீடியோவில் சொன்னபடி பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி அளந்து அளந்து போட்டேன். முடித்துப் பார்த்தால் மரம் இடப்பக்கம், வண்டி மேல் சாய்ந்து நிற்கிறது. சனியன் பிடித்த கை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

துணி கொடுக்க வந்த இஸ்திரித் தம்பி படத்தைப் பார்த்தார். "மரம் சாயிற மாதிரி இருக்கேக்கா."

"மரம் எங்க சாயுது தம்பி. என் கைதான் கோணல்."

அவர் போனதும் ரப்பர் எடுத்து அழித்து, ஸ்கேல் வைத்து மரத்தை நேராக்கினேன். அடுத்த வாரம் மறுபடி வரைந்தேன், மறுபடி சாய்ந்தது. போன வாரத்தைவிடக் கூடுதலாகச் சாய்ந்தது. பழகப் பழகக் கை மோசமாகிறதே என்று எரிச்சல் வந்தது. அதையும் அழித்து நேராக்கினேன். இப்படியே ஐந்து பக்கம்.

இதற்கு நடுவில் கண்ணில் பட்டதெல்லாம் பட்டுக்கொண்டுதான் இருந்தது. அடிமரத்து மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ரோட்டைத் தாண்டின. தார்ப்பாய் வாரத்துக்கு வாரம் தொய்ந்து, இஸ்திரித் தம்பியின் தலையில் இடித்தது. அந்தத் தொய்வைக்கூட அழகாக வரைந்தேன். வயிற்றெரிச்சல்.

ஐப்பசி பிறந்து இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை இஸ்திரித் தம்பி கடைக்கு வந்தார், கையில் துணி இல்லை.

"அக்கா, கயித்தை நேத்துதான் இழுத்துக் கட்டினேன். இன்னைக்குத் திரும்பவும் தொய்ஞ்சு கிடக்கு. நீங்க தினம் மரத்தையே பாக்கிறவங்க. சாயுதா, சொல்லுங்க. சாயுதுன்னா வண்டியை அந்தாண்ட தள்ளிடறேன்."

நான் எழுந்து வாசலுக்குக்கூடப் போகவில்லை. "மழையில நனைஞ்ச கயிறு தொய்யாம என்ன பண்ணும்? எனக்குத்தான் கோடு சாயும் தம்பி, மரமெல்லாம் அப்படியேதான் நிக்குது" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "வண்டியை நகர்த்திடாதீங்க, இன்னும் கலர் அடிக்கல" என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். "அப்ப சரிக்கா" என்று போய்க் கரியை ஊதினார்.

மதியம் மழை விட்டிருந்தது, காற்றே இல்லை. மரத்துக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தேன். யாரும் கல் எறியவில்லை, பட்டாசு வெடிக்கவில்லை, கொக்குகள் அத்தனையும் ஒன்றாக எழும்பின. நிமிர்ந்தேன். வண்டியில் இஸ்திரித் தம்பியும் நிமிர்ந்து கொக்குகளைப் பார்த்தார். மரம் மெல்லத்தான் வந்தது. கத்தியிருந்தால் கேட்டிருக்கும், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பின்னால் பாய்ந்தார். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருந்த வலது கை மட்டும் வெளியே வரவில்லை.

மரத்தை அறுத்து அவரை எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலேயே கையை எடுத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, அந்த மொத படம் இருக்குல்ல, மரம் சாஞ்சிருந்துச்சே. அதை எடுத்துட்டு வாங்க. கண்ணு தெரியாமயா நின்னேன்னு வீட்டுல எல்லாரும் ஏசுறாங்க. நான் சொன்னேன், அக்கா படத்துல அப்பவே பாத்தேன்னு. யாரும் நம்பல."

கடையைத் திறந்து நோட்டை எடுத்தேன். ஐந்து பக்கத்திலும் மரம் நட்டுக்க நிற்கிறது. நான் நேராக்கிய மரம். நோட்டை மூடப் போனவள் மூடவில்லை. இத்தனை வருஷம் ஊர்க்காரர்களின் அழிந்த எழுத்தை எல்லாம் எழுப்பிக் கொடுத்தவள்தானே. முதல் பக்கத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, டார்க்கை முழுசாகக் கூட்டி, பட்டனை அழுத்தினேன்.

தாள் அழுக்கேறி வெளியே வந்தது. நேரான மரத்துக்குப் பின்னால் சாய்ந்த மரம் சாம்பலாக நின்றது. இரண்டாம் தாளில் இன்னும் சாய்ந்து, ஐந்தாம் தாளில் வண்டியின் தார்ப்பாயைத் தொடப் போவதுபோல் இருந்தது. ஐந்திலும் கம்பம் நேராக இருந்தது. கை கோணல் என்றால் கம்பமும் அல்லவா சாய்ந்திருக்க வேண்டும். அது ஒரு நாளும் எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்காரர் தாள்களைப் பார்த்து முகம் வெளுத்துப்போனார். "இதைக் கொண்டுபோய்க் காட்டாதே. நாளைக்கு உன்னைத்தான் கேப்பாங்க. பேசாம கிழிச்சுப் போடு" என்றார். கிழிக்கத்தான் கை போனது, பொய் சொல்லவில்லை. ஐந்தாம் தாளில் தார்ப்பாய்க்குக் கீழே குனிந்து நின்ற ஆளை அப்போதுதான் கவனித்தேன். அவரையும் நான்தான் வரைந்திருந்தேன்.

மறுநாள் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். தாள்களை நீட்டினேன். "நான்தான் அழிச்சேன் தம்பி. அஞ்சையும்" என்றேன். அவர் இடது கையால் வாங்கி, மடியில் வைத்து, ஒவ்வொன்றாகத் தடுமாறிப் புரட்டினார். மனைவியிடம் கொடுத்தார். அந்தம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இஸ்திரித் தம்பி கடைசித் தாளை மட்டும் திரும்ப வாங்கி நெடுநேரம் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"உங்க கை நல்லாத்தான் இருந்திருக்குக்கா."