வானதி பிரித்து வைத்த மூன்று சர்வர்கள்

கீழ்வேளூர் வீரையனுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் மயிலாடுதுறையிலும் நடுவுள்ளவள் சீர்காழியிலும் வாக்கப்பட்டார்கள். கடைக்குட்டி வானதிக்குத் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. கெட்டிக்காரி.

அந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படமெல்லாம் பன்னிரண்டு வருஷமாக ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில் கிடந்தன. பெட்டி நிறைய டிஸ்க். வாய்க்காலிலிருந்து வயலுக்கு வயல் மதகு வைத்த மாதிரி, அதிலிருந்து ஒவ்வொரு சர்வருக்கும் தனி ஃபைபர் வயர். யாருக்கு எவ்வளவு என்று பெட்டியே பங்கு பிரித்துக் கொடுக்கும். சர்வரும் அந்தப் பங்கைத் தன் வயிற்றுக்குள் இருக்கிற டிஸ்க் என்றே நம்பி வேலை செய்யும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெட்டிக்கு வயதாகிவிட்டது. உதிரி பாகம் கிடைக்கவில்லை.

"இன்னொரு பெட்டி வேண்டாம் சார்," என்றாள் வானதி, மேனேஜர் ரகுராமனிடம். "சாதாரண சர்வர் மூணு போதும். அதுங்க டிஸ்க்கையெல்லாம் சாஃப்ட்வேர் ஒண்ணா சேர்த்துக்கும். ஒரு படம் வந்தா மூணுலயும் ஒவ்வொரு நகல் எழுதிடும்."

"ஒரு படம் காணாமப் போனா?"

"வேலைய விட்டுட்டு ஊர்ல நடவுக்குப் போயிடறேன்."

"உன்னை எவன்மா நடவுக்குக் கூப்பிடுவான்!"

புது சர்வர் மூன்றையும் பழைய அறையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கதவைச் சாத்தும்போதுதான் சுருக்கென்றது. ஒரு வெள்ள வருஷம் வீரையன் விதைநெல்லைப் பத்திரமாக மூன்று பங்காளி வீட்டில் பிரித்து வைத்தார். மூன்று வீடும் ஒரே வாய்க்கால் கரை. ஒரே நாளில் மூன்று வீட்டு நெல்லும் நனைந்து, மூட்டைக்குள்ளேயே முளைத்துவிட்டது. அப்பா செய்த அதே தப்பு!

மறுநாளே ஒன்றை ஆபரேஷன் தியேட்டர் கட்டட மாடிக்கும் ஒன்றைப் பிரசவ வார்டு கட்டடத்துக்கும் மாற்றச் சொன்னாள். மின்சாரமும் தனித்தனி.

"உன் சர்வர் பிள்ளைங்க ஒரே வீட்டுல இருக்க மாட்டாங்களா?" என்று கேலி செய்தார் ரகுராமன். அவள் அசையவில்லை. வயர் இழுத்து முடிக்க ஒரு மாதம் ஆனது. அப்புறம்தான் படங்களைப் புதுசுக்கு மாற்றினாள்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, பழைய அறையின் கூரை பொத்துக்கொண்டது. பெட்டியும் அதன் பக்கத்து சர்வரும் ஒன்றாக அணைந்தன. அந்த நேரம் ஆபரேஷன் மேஜையில் நிலோஃபர் என்ற பெண், தலைக்குள் கட்டி. படத்தைப் பார்த்துத்தான் டாக்டர் கத்தி வைக்க வேண்டும்.

வானதி நனைந்த உடையோடு ஆபரேஷன் தியேட்டருக்குப் படியேறி ஓடினாள். திரையில் படம் இருந்தது, ஒரு கோடு குறையாமல்.

கீழே ரகுராமன் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றார். கேலி பேசுகிற முகமில்லை. "இன்னும் ஒரு சர்வர் வாங்கித் தரேன்மா. எங்க வைக்கலாம், நீயே சொல்லு."

"இந்த ரூம்ல வேண்டாம் சார்," என்றாள் வானதி, துப்பட்டாவைப் பிழிந்தபடி.