இவ்வளவுதானா?

இன்றைக்கும் பக்கத்து வீட்டில் அந்த டிவி நிகழ்ச்சியின் இசை கேட்டால் குழாய்க்காரருக்குக் காது சுடும். வெட்கம்தான், வேறென்ன!

முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டு சிங்க்கின் அடியில் தலையை நுழைத்துச் சம்பாதித்தவர் அவர். ஒரு வீட்டின் யோக்கியதை வரவேற்பறையில் தெரியாது, குழாயைத் திறந்தால்தான் தெரியும் என்பது அவர் கட்சி. அதனால்தான் வெளிநாட்டில் வீடு வாங்குகிறவர்களைக் காட்டும் அந்த நிகழ்ச்சி அவருக்கு அத்தனை வயிற்றெரிச்சல். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல் அதன்முன் உட்கார்ந்து திட்டுவார்.

"மூணு வீடு பாத்துட்டாங்க. ஒருத்தனாவது குழாயைத் தொறந்து பாத்தானா? கடல் தெரியுதான்னு பாக்குறான். கடல்லயா பல்லு வெளக்கப் போறான்?"

திரையில் ஒரு பெண், இவருடைய மொத்த வீட்டையும் விழுங்கக்கூடிய படுக்கையறை வாசலில் நின்று, "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குவாள். இவருக்கு ஏறிவிடும்.

"வாயப் பாரு! கட்டின கொத்தனார் காதுல விழுந்தா கரணையத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவாரு."

"பிடிக்கலேன்னா எந்திரிச்சுப் போங்களேன்," என்பாள் மனைவி. எழுந்தால்தானே!

அவருடைய தங்கை வெளிநாட்டில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கப் போய்ப் பன்னிரண்டு வருஷம். நாலு பேரோடு ஒரே அறையில் படுத்தெழுந்தவள், சொந்தமாக ஒரு வீடு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் கூப்பிட்டாள்.

"அண்ணே, உனக்குத்தான் முதல்ல காட்டுறேன். அண்ணி, நீங்களும் வாங்க."

போன் ஒரு சுற்று சுற்றியது. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், மடக்கு மேசை, சுவரோரம் அடுப்பு. அப்புறம் அவள் முகம் வந்தது, மூச்சு வாங்கச் சிரித்தபடி.

"இவ்வளவுதானா?" என்றார் குழாய்க்காரர்.

யோசித்துச் சொன்னதல்ல. தினமும் கேட்டுக் கேட்டு நாக்கில் ஊறிக் கிடந்தது வழுக்கி விழுந்துவிட்டது. அதே இழுப்பு, அதே உதட்டுப் பிதுக்கல். போனின் மூலையில் தெரிந்த தன் முகத்தில் அவரே அதைப் பார்த்தார். மனைவி தொடையில் கிள்ளினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது தங்கையின் முகம்.

"ஆமாண்ணே. இவ்ளோதான்."

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

என்ன சொல்ல வந்தார்? அவருக்கே தெரியவில்லை. அவள் பன்னிரண்டு வருஷம் பட்ட பாட்டை ஒரே சொல்லில் துடைத்துப் போட்டுவிட்டோமே என்று உடம்பு கூசியது.

அவள் சிங்க் பக்கம் போனாள். "இதை மட்டும் பாத்துட்டு வச்சிடுண்ணே." குழாயைத் திறந்தாள். தண்ணீர் கனமாக, சீறாமல், நேராக விழுந்தது. குனிந்து அடியிலும் போனைக் காட்டினாள். ஒரு சொட்டுக் கசிவில்லை.

"எட்டு வீடு பாத்தேன். எல்லாத்துலயும் குழாயைத் தொறந்து பாத்தேன். வீடு காட்டுறவரு சிரிச்சாரு. எங்கண்ணன் முதல்ல இதைத்தான் கேப்பாருன்னு அவர்கிட்ட சொன்னேன்."