பத்து மீற்றரும் மூன்று மாடியும்

வெள்ளவத்தையில் பிசியோதெரபி அறை போட்டு இருபத்தாறு வருடம் நடத்தியவள் நான். என் கையால் எழும்பி நடந்தவர்களைப் பற்றிக் கேட்டால் விடியும்வரை கதைப்பேன். இது நன்றாக நடந்ததாலேயே கெட்டுப்போன ஒருவரின் கதை. பெருமை முழுக்க எனக்கே.

மெட்டில்டா ரீச்சர் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறவர். எம்.எஸ். வந்து ஐந்து வருடம். நரம்பின் உறை பழுதாகிற வருத்தம் அது. நடை தள்ளாடும். உடம்பு சூடேறினால் கால் சொல்வழி கேட்காது. அவருடைய வகுப்போ மூன்றாம் மாடியில். கீழே ஒரு வகுப்புக் கேட்டதற்கு அதிபர் சொன்ன பதில் இது:

"எனக்கும் பாவமாத்தான் கிடக்கு ரீச்சர். மெடிக்கல் போர்ட்டிலை ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோவன்."

எங்கள் நாட்டில் பாவம் பார்ப்பதற்கும் சீல் குத்த வேண்டும்.

போர்ட்டுக்கு ஆறு கிழமை இருந்தது. நான் சும்மா இருப்பேனா? காலை ஒட்டி வைத்து நிற்கிறது, கோட்டில் நடக்கிறது, விழாமல் திரும்புகிறது, ஊன்றுபொல்லுப் பிடிக்கிற முறை எல்லாம் பழக்கினேன். பத்து மீற்றரை இருபத்திரண்டு செக்கனில் நடந்தவர் கடைசிக் கிழமை பதினொன்றில் நடந்தார். அதைக் கலரில் கிராஃப் போட்டு ரிப்போர்ட்டில் ஒட்டினேன். புத்திமதிக்கும் குறைவில்லை.

"போர்ட்டுக்கு முதல் நாள் லீவு எடுத்துப் படுங்கோ. காலமை முதல் ஆளாப் போங்கோ. பஸ் வேண்டாம், ஓட்டோ பிடியுங்கோ. குளிர்தண்ணி கொண்டுபோங்கோ."

ரீச்சர் ஒன்றும் விடாமல் செய்தார். ஏசி அறையில் டொக்டருக்கு முன்னால் பத்தடி நடந்தார். டொக்டர் "நியமய்" என்று சிங்களத்தில் பாராட்டினாராம். என் கிராஃபையும் மெச்சினாராம். பிறகு எழுதினார்: நடை திருப்தி, விசேட ஏற்பாடு தேவையில்லை.

ரீச்சர் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். "பாஸ் பண்ணிட்டன் மிஸ்," என்றார்.

கடிதம் வந்து மூன்றாம் கிழமை, ஒரு மத்தியானம், பாடம் முடித்து இறங்கும்போது படியில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கரும்பலகையில் கணக்கு எழுதுகிற கை.

அதற்குப் பிறகுதான் என் மூளை வேலைக்கு வந்தது. அவர் திரும்ப வேலைக்குப் போனதும் பள்ளிக்கூடத்துக்கே போனேன். பகல் ஒரு மணி, நாலு பாடம் முடித்திருந்தார். இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி பின்னால் நின்று அதே பத்து மீற்றரை நடக்கவிட்டேன். முப்பத்தொரு செக்கன். படியில் இரண்டு இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இத்தனை வருடம் ஸ்டொப்வொச் பிடித்தவளுக்கு அதை எத்தனை மணிக்குப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த அளவுகளை எழுதி மேன்முறையீட்டுக்குக் கொடுத்தேன். கிராஃப் போடவில்லை.

"இந்தமுறை பள்ளிக்கூடம் முடிஞ்ச கையோடை, பஸ்ஸிலை போங்கோ ரீச்சர்."

"நடிக்கச் சொல்றீங்களோ மிஸ்?"

"இல்லை ரீச்சர். போனமுறைதான் நடிச்சனாங்கள்."

கீழே வகுப்புக் கிடைத்தது.

இளம் பிசியோமாருக்கு ஒன்று சொல்லுவேன். நோயாளியின் நல்ல நேரத்தை அளந்து ஃபைலில் ஒட்டினால் அது உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளும் சேர்டிபிகேட். மற்ற நேரமெல்லாம் அவர்தான் நடக்க வேண்டும்.

ரீச்சரின் மணிக்கட்டு முன்னைப்போல் மடங்காது. கீழே கிடைத்த வகுப்பில் இப்போது இடது கையால்தான் கணக்கு எழுதுகிறார். ஏழு எது, ஒன்று எது என்று பிள்ளைகள் கேட்டுக்கேட்டு எழுதுகிறார்களாம்.