கொயரில் அப்பாவின் இடம்

அப்பாவுடையது மிஷன் காலத்திலிருந்தே சபைக் குடும்பம். சர்ச் பாடகர் குழுவான கொயரில், மெட்டுக்கு அடியில் கீழ்ஸ்தாயியில் போகும் அடிக்குரல் அவர்தான். அம்மா அய்யாவழி வீட்டுப் பெண். இருவரும் விரும்பி ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டதும், அப்பாவுக்கு இனி அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்தும் இல்லை, கொயரில் இடமும் இல்லை என்று சபைக் கமிட்டி சொல்லிவிட்டது. அப்பா சண்டைக்குப் போகவில்லை. சர்ச்சுக்கும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் மணி அடிக்கும்போது அவர் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருப்பார். கழுவிக்கொண்டே ஞானப்பாட்டுகளைப் பாடுவார், அடிக்குரல் பகுதியை மட்டும். மெட்டைப் பாட ஆள் இல்லாததால் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கும். பாட்டென்றால் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் அம்மா, அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலுக்குப் போய், நெற்றியில் வெள்ளை நாமத்தோடு வருவாள். அங்கே உள்ளே சிலை கிடையாது. ஒரு கண்ணாடியும் விளக்கும்தான்.

“கண்ணாடியில என்னம்மா தெரியும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எனக்க மூஞ்சிதான் மக்ளே. நேத்து உன்னைய அடிச்சேன்லா, அந்த மூஞ்சி.”

நான் ஏழாவது படிக்கும்போது புதிதாக வந்த பாஸ்டர் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அம்மா சாயா போட்டுக் கொடுத்தாள்.

“வீட்டம்மா ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டா, வாற கிறிஸ்மஸுக்கே நீங்க கொயர்ல நிக்கலாம்,” என்றார் அப்பாவிடம்.

அப்பா வாய் திறக்குமுன் அம்மா சொன்னாள்: “அவிய பாடணும்னா அவியளக் கூப்பிடுங்க அய்யா. என்னைய எதுக்கு அதுல சேக்கிய?”

பாஸ்டர் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகுதான் அம்மா அழுதாள்.

“நான் சரின்னு சொல்லியிருக்கணுமோ?”

“நீ எனக்காவச் சொல்லியிருந்தா, நான் எப்பிடிப் பாடுவேன்?” என்றார் அப்பா.

டிசம்பரில் பாஸ்டர் மறுபடி வந்தார். ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. “கமிட்டியில பேசியாச்சு. சனிக்கிழமை பிராக்டிஸ். வந்திருங்க,” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கிறிஸ்மஸ் காலையில் நாங்களும் போனோம். புறப்படும்போது அம்மா நெற்றியைத் தொட்டு, “அழிச்சிரட்டா?” என்றாள். “வேண்டாம்,” என்றார் அப்பா. பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்திலிருந்த அம்மாள் நாமத்தைப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியபோது தன் பாட்டுப் புத்தகத்தை எங்கள் பக்கம் சாய்த்தாள். அத்தனை வருஷம் கேட்ட பாட்டுக்கு மேலே இப்படியொரு மெட்டு இருந்ததா என்று கொயரை எட்டிப் பார்த்தேன். அம்மாவும் பாடினாள். அவளுக்குத் தெரிந்தது அப்பாவின் பகுதிதான்.

மதம் வேறு, ஆன்மிகம் வேறு என்று இப்போது பலர் பேசக் கேட்கிறேன். எனக்கு அதில் பெரிய விளக்கம் எதுவும் தெரியாது. சபை அப்பாவைத் தள்ளிவைத்தது, பிறகு சேர்த்துக்கொண்டது. இடையில் ஒரு ஞாயிறுகூட அவர் பாடாமல் இருந்ததில்லை. அவர் இறந்த பிறகும் அம்மா தாங்கலுக்குப் போய்வருகிறாள். நான் எதற்கும் ஒழுங்காகப் போவதில்லை.

அந்தக் கிறிஸ்மஸ் அன்று திரும்பும் வழியில் புதுக்கடை ஊரில் ஒரு சாயாக்கடை மட்டும் திறந்திருந்தது. மூவரும் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி தின்றோம். பாடிப் பாடி அப்பாவுக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. இன்னொன்று வேண்டுமென்று விரலைக் காட்டினார்.