பதுளை இறக்கத்தில் ஒரு தண்ணீர்க் கார்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நுழைவதற்கு மன்னியுங்கள். ஆனால் போன வெள்ளிக்கிழமைப் பயணத்தைச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது.

காலை எட்டு மணிக்கு, அப்புத்தளைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து தம்பி செல்வத்தின் பழைய காரில் புறப்பட்டேன். அது வாடகைக்கு ஹயர் ஓடித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. பதுளை ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் செய்த என் வீட்டுக்காரரை அன்று டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள்.

பண்டாரவளையில் தம்பி ஒரு கடை முன்னால் நிறுத்தினான். அங்கே ‘ஹைட்ரஜன் கிட்’ விற்கிறார்கள். ஒரு போத்தல் தண்ணீர், இரண்டு வயர், ஒரு குழாய். பேட்டரி கரண்ட் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்குமாம். அது எஞ்சினுக்குள் போனால் பெட்ரோல் பாதி மிச்சமாம். விலை அறுபத்தையாயிரம் ரூபா.

“ஓடிக் காட்டறேன் தம்பி, பொறகு காசு குடுங்க” என்று கடைக்காரர் கிட்டைப் பூட்டி, டேங்க்கை முட்ட நிரப்பச் சொல்லி, அவரே ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். போகாதவர்களுக்குச் சொல்கிறேன், அது பெரும்பாலும் இறக்கம். தெமோதரை தாண்டி, ஹாலிஎல தாண்டி, வளைந்து வளைந்து கீழேதான் போகும். பின் சீட்டிலிருந்து பார்த்தேன். மனிதர் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டுக் கதை பேசிக்கொண்டே வந்தார்.

பதுளையில் மறுபடி நிரப்பினால் ஒரு லிட்டர்கூடப் பிடிக்கவில்லை. தம்பி முகம் மலர்ந்துவிட்டது.

“இறக்கத்துல எல்லாக் காரும் இப்பிடித்தானே வரும்?” என்றேன். எனக்கே கேட்காத குரல்.

“அக்கா என்ன, எஞ்சினியரா?” என்று கடைக்காரர் சிரித்தார்.

“நீங்களும் பண்டாரவளைக்குத்தானே? எங்களோடவே ஏறி வாங்களேன்” என்றேன்.

“இல்லக்கா, நான் ட்ரெயின்ல போறேன். வேலை கெடக்கு.”

தண்ணீரில் ஓடும் காரை விற்கிறவர் வீட்டுக்கு ரயிலில் போகிறார்! அப்போதாவது தம்பிக்கு உறைத்திருக்க வேண்டும். “நீ சும்மா இரு அக்கா” என்று என்னை அடக்கிவிட்டு, முற்பணமாக முப்பதாயிரத்தை எண்ணிக் கொடுத்தான். ஹயர்க்காரர்கள் எல்லாரும் பெட்ரோல் விலைக்குப் பயந்து கிடக்கிறார்கள். அந்தப் பயம்தான் இவர்களுக்கு மூலதனம்.

மூன்று மணிக்கு வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மழை, மூட்டம். லைட், வைப்பர் இரண்டும் போட்டோம். ஹாலிஎல தாண்டிய முதல் பெரிய ஏற்றத்தில் லைட் மங்கியது, எஞ்சின் இரண்டு தடவை இருமியது, கார் நின்றது. சக்கரம் பின்னால் உருள, நான் இறங்கிக் கல்லைத் தேடி அடை கொடுத்தேன். உள்ளே அவர் தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “என்னைய மறுபடி வார்டுக்கே கொண்டுபோய்டாதீங்கப்பா” என்றார்.

தம்பி ஒரு ஆட்டோவை மறித்துப் போய், ஹாலிஎலையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனை அழைத்துவந்தான். அவர் பானட்டைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“தண்ணியில ஓடுறது தோணிதான் தம்பி!”

“காஸ் வருதே நானா, கொமிழி தெரியுதே.”

“வரும். அந்தக் கரண்ட எது குடுக்குது? ஒங்க பேட்டரி. பேட்டரிய எது சார்ஜ் பண்ணுது? எஞ்சின். எஞ்சின் எதுல ஓடுது? பெட்ரோல்ல. ஒங்க காச ஒங்களுக்கே குடுத்து, நடுவுல கமிஷனும் எடுக்குது இந்தப் போத்தல்.”

வெளிநாட்டில் நிஜமான ஹைட்ரஜன் கார் ஓடுகிறதாம், நானா சொன்னார். அதற்குக் கனத்த டேங்க்கும், காஸ் அடைக்கத் தனி நிலையமும் வேண்டுமாம். நம் மலையில் அது எப்போது வரும்? வரும்போது வரட்டும். அந்தப் பெயரை ஒரு போத்தலில் ஒட்டி, ஏற்றத்தில் வாழும் சனங்களுக்கு இறக்கத்தில் ஓட்டிக் காட்டி விற்பது என்ன நியாயம்? நோயாளியை நடுரோட்டில் நிறுத்தும் வியாபாரத்தைக் கேட்க ஆளில்லையா?

நானா கிட்டின் வயரைக் கழற்றி, வேறு பேட்டரி போட்டார். கார் ஏறியது. வீடு சேர ஏழரை ஆனது.

மறுநாள் தம்பியோடு நானும் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கிட்டைத் திருப்பி வாங்கவில்லை. வாசலில் ஒரு ஆட்டோவுக்கு இன்னொரு கிட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். “அப்புத்தளைக்கு ஏறிப் பாத்துட்டுக் காசு குடுங்கண்ணே” என்று ரோட்டுக்கே கேட்கும்படி சொன்னேன். ஆட்டோக்காரர் கழற்றச் சொன்னார். எங்கள் முப்பதாயிரம் வரவில்லை.