கண்ணாடியில் தெரியாத ஆள்

பஸ் டிரைவருக்குச் சம்பளமே முன்னால் பார்க்கத்தான். எண்பதுகளில் ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்குத் தனியார் பஸ் ஓட்டிய நான், பின்னால் பார்த்தே பாதிப் பொழுதைக் கழித்தேன். சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கினாலும் யார் மேலோ ஏற்றிவிட்டதாக மனம் சொல்லும். கண்ணாடியில் யாரும் தெரியாவிட்டாலும் நம்பாது. பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கு இது புரியும்.

டயரில் காற்று

வண்டியை நிறுத்தக் காரணம் வேண்டுமே. டயரில் காற்று குறைவு என்பேன். கம்பியால் தட்டிக்கொண்டே அடியில் குனிந்து பார்ப்பேன். யாரும் கிடக்கமாட்டார்கள். பயம் போனதும் வெட்கம் வரும். பைத்தியம் என்று தெரிந்தால் எந்த முதலாளி வண்டியைக் கொடுப்பார்? மயிலம் முருகன் கோயிலுக்குப் போகும் பெரியவர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டினார்: "நீ தட்டிக்கினே இருந்தா முருகன் இங்க வந்து நிக்கமாட்டாருப்பா, நாமதான் போவணும்."

ரோட்டில் கேப்பை

அறுவடையானதும் கேப்பைக் கதிரை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ் ஏறினால் தானியம் உதிரும். எனக்கோ, கதிருக்கு அடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் இறங்கி இரண்டு கையாலும் கதிரை விலக்கிப் பார்த்தேன். பஸ்ஸே சிரித்தது. கதிருக்குச் சொந்தக்காரம்மா முறத்தோடு ஓடிவந்தாள்: "ஏத்திக்கினு போய்யான்னு போட்டு வெச்சா எறங்கி வந்து கலைக்கிறியே, உனுக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

விழுப்புரத்தில் டீ

கண்டக்டர் காதர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. விழுப்புரம் ஸ்டாண்டில் டீயை என் கையில் கொடுத்துவிட்டு, யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார். வேலை போனாலும் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்: "எங்க அக்கா தொழுவறதுக்கு முன்ன கை கால் கழுவ உக்காந்தா எழுந்துக்கவே மாட்டா. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு வூட்லயே வெச்சிருந்தோம். பாண்டிச்சேரி டாக்டரு, இது ஒரு சீக்குன்னாரு. வா மச்சான், நானே இட்டுக்கினு போறேன்."

இரட்டை விசில்

டாக்டர் மாத்திரை கொடுத்தார். இறங்கிப் பார்க்கக் கூடாது என்றார். நான் கேட்டாலும் 'யாரும் இல்லை' என்று சொல்லக் கூடாதென்று பாயிடம் சொன்னார். பார்க்கப் பார்க்க, கேட்கக் கேட்கச் சந்தேகம் வளருமாம். லீவு முடிந்து வண்டி எடுத்த அன்றே விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் சக்கரம் குதித்தது. கால் பிரேக்குக்குப் போனது. "பாய், பின்னால யாருனா..." என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், போகலாம் என்று இரட்டை விசில் கொடுத்தார்: "பயந்துக்கினே ஓட்டு மச்சான், வண்டி பயப்படாது."

அதற்குப் பிறகும் பல வருஷம் ஓட்டினேன். பயமும் கூடவே ஏறி வந்தது, பாய் புண்ணியத்தில் உட்கார இடமில்லாமல்.