ரப்பர் விட்டுவைத்த நிழல்

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்பாவின் பெயர் தெரியாது. ரப்பர் என்றால் தெரியும். படத்தில் இருக்கக் கூடாததை அழிப்பவர் என்பதால் ஸ்டூடியோ முதலாளி வைத்த பெயர் அது. முதலாளி போய்ச் சேர்ந்தார். பெயர் நின்றுவிட்டது.

முப்பத்தோரு வருடம் அப்பா ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார். ஸ்டூடியோவின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, எட்டடிக்கு ஆறடி. ஜன்னல் கிடையாது. திரையில் நிறம் பிசகித் தெரியக் கூடாது என்று சுவர்களுக்குச் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். வெளியே மழையா என்பதை வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். எழுந்து நின்றால் படிக்கட்டின் அடிப்பாகம் தலையில் இடிக்கும். அதனால் குனிந்தபடியே எழுவார். வீட்டிலும் அப்படித்தான் எழுந்தார், கடைசி வரை.

ஆரம்பத்தில் தூரிகையும் மையும். பிறகு கணினி. பாஸ்போர்ட் படத்தில் தோளைச் சமப்படுத்துவது, மணமக்களின் தலைக்கு மேல் தொங்கும் மின்கம்பியை எடுப்பது, மூடிய கண்ணுக்கு வேறு படத்திலிருந்து திறந்த கண்ணைக் கொண்டுவந்து வைப்பது.

பள்ளிவிட்டு அவரைப் பார்க்கப் போகும்போது பேச்சு காதில் விழும்.

"ரப்பர் சார், எங்க மாமனாரை எடுத்துட்டு அந்த இடத்துல காரை வைக்க முடியுமா?"

"தாராளமா வைக்கலாம். மாமனார் வந்து கேட்டா, காருக்குள்ள உக்காந்திருக்கீங்கன்னு சொல்லிடுங்க."

"மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கலாம் போலிருக்கு. கொஞ்சம் நெருக்கி வைங்க."

"நான் நெருக்கிடுவேன். மிச்சம் அவங்க பொறுப்பு."

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம். ஒருவரைப் படத்திலிருந்து எடுப்பது ஐந்து நிமிட வேலை. அவர் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்து நிரப்புவதுதான் நாள் முழுக்க இழுக்கும். இரண்டாவது, ஆளை எடுத்தால் நிழலையும் எடுக்க வேண்டும். "நிழலை விட்டவன் வேலை தெரியாதவன்" என்பார். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் செய்த படங்களைக் கையில் வாங்கியதும் தரையைத்தான் முதலில் பார்ப்பார்.

ஒன்பது வருடத்துக்கு முன் அக்கா தன் விருப்பப்படி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு போனாள். ஒரே ஒரு பையோடு போனாள். அன்று மாலையே அம்மா ஆல்பங்களை இறக்கி, அக்கா இருந்த படங்களையெல்லாம் கிழித்துப் போட்டாள். சுவரில் சட்டம் போட்டிருந்த நான்கை மட்டும் கிழிக்கவில்லை.

"நாளைக்கு நாலு பேர் வருவாங்க. சுவர் வெறுமையா இருந்தா ஏன்னு கேப்பாங்க. படம் இருக்கணும். அவ இருக்கக் கூடாது. உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே?"

அப்பா சுவரிலிருந்த சட்டங்களைக் கழற்றினார். அந்த நான்கோடு, கணினியில் இருந்த மற்ற குடும்பப் படங்களையும் சேர்த்து நாற்பத்தொன்று. நான்கு நாள் வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார். சுவருக்குப் புதிய படங்கள் வந்தன; சட்டத்திலிருந்து எடுத்த பழைய நான்கையும் அம்மா கிழித்துப் போட்டாள். ஒரு படத்தில் எங்கள் வீட்டு வெளிச்சுவருக்கு முன் அப்பா, அவர் பக்கத்தில் அக்கா, அவளுக்கு அடுத்து நான் நிற்போம். அக்காவை எடுத்துவிட்டு என்னை நகர்த்தி அந்த இடத்தில் வைத்திருந்தார். அப்பாவின் கை என் தோள் மேல் இருந்தது. அந்தப் படம் எடுத்தபோது அவர் என்னைத் தொடக்கூட இல்லை.

அதன்பின் வீட்டில் அக்காவைப் பற்றிப் பேச்சில்லை. அப்பா ஸ்டூடியோவிலிருந்து அவளுக்குப் போன் செய்வார் என்று எனக்குத் தெரியும். பழைய படம் ஒன்று அனுப்பச் சொல்லி அவள் கேட்டபோது, "எல்லாம் பத்திரமா இருக்கு, நேர்ல வா, தரேன்" என்றாராம். வர அவளுக்குத் தைரியமில்லை. அனுப்ப அவருக்கும் இல்லை.

நான் தரவுச் சேமிப்புப் பொறியாளர். ஊரார் கோப்புகள் தொலையாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். ஆறு வருடத்துக்கு முன் விடுமுறையில் வந்தபோது வீட்டுக் கணினி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. வட்டு நிரம்பியிருந்தது. பார்த்தால், அந்த நாற்பத்தொரு படங்களும் ஒவ்வொன்றும் பூதம் போல இடம் பிடித்திருந்தன. லேயர் லேயராக இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்கி, ஒவ்வொரு தாளிலும் படத்தின் ஒரு பகுதியை வைப்பது போன்ற ஏற்பாடு அது. வேலை முடிந்த படத்துக்கு அது தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே தாளாக அழுத்தும் கட்டளை ஒன்று எழுதி ஓட்டினேன். பெரிய கோப்புகளை நிரந்தரமாக நீக்கினேன். நீக்குவதற்கு முன் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிறதில் எந்த வித்தியாசமும் இல்லை.

அப்பா வந்து உட்கார்ந்தார். ஒரு படத்தைத் திறந்தார். திரையின் ஓரத்தில் லேயர் பட்டியல் இருக்கும் இடத்தைப் பார்த்தார். அங்கே ஒரே ஒரு வரி இருந்தது. இன்னொரு படத்தைத் திறந்தார். இன்னொன்று. நான் பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

"இப்ப நல்லா வேகமாத் தெறக்குதும்மா" என்றார்.

போன மாதம் அப்பா இறந்தார். பகலில், நாற்காலியில், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல். அக்கா வந்தாள். அம்மா அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சமையலறையில் ஒரு தட்டு கூடுதலாக வைத்தாள்.

மூன்றாம் நாள், பெரிதாக்கிச் சட்டம் போட அப்பாவின் படம் ஒன்று வேண்டியிருந்தது. நான் கணினி முன் உட்கார்ந்தேன். அக்கா பின்னால் நின்றாள். அம்மா வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள். சுவருக்கு முன் நாங்கள் நிற்கும் அந்தப் படத்தைத் திறந்தேன்.

"இதுல அப்பா முகம் நல்லா இருக்கு" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "நான் நின்ன படம்தானே இது?" என்றாள்.

அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். விரலால் திரையின் ஓரத்தைக் காட்டினாள்.

"அங்க ஒரு கண்ணு மாதிரி இருக்கு பாரு. அதைத் தட்டு. பெரியவ வருவா."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"என்னடி முழிக்கிறே? மேல ஒட்டுப் போட்டிருக்கார், அடியில அசல் அப்படியே இருக்கு. மத்தியானம் சாப்பிட்டதும் வந்து உக்காருவேன், தட்டிக் காட்டுவார். பார்த்துட்டுப் போயிடுவேன். அவளை எடுக்கச் சொன்ன வாயால திரும்ப வைக்கச் சொல்ல முடியல, பார்த்துக்கவாவது செஞ்சேன். ஒரு நாள் கைதவறி எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு சொன்னாரு. எனக்கு நம்பிக்கை இல்ல, எனக்குக் காட்டக் கூடாதுன்னு பொய் சொல்றார்னு நெனச்சேன். அவராவது கைதவறுறதாவது? நீ படிச்சவ, தட்டு."

தட்டினேன். படத்தில் ஒரே தாள்தான் இருந்தது. அது மறைந்ததும் அப்பா, நான், சுவர், தரை எல்லாம் போய்விட்டன. திரை முழுக்க, ஒன்றும் இல்லாத இடத்தைக் காட்டும் சாம்பலும் வெள்ளையுமான கட்டங்கள்.

"ஐயோ, அவரையும் காணோமே!" அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கொண்டா, திருப்பிக் கொண்டா!"

மறுபடி தட்டினேன். அப்பா வந்தார். அக்கா வரவில்லை.

"அப்ப நிஜமாவே அழிச்சிட்டாரா" என்றாள் அக்கா மெதுவாக. "என்கிட்ட பத்திரமா இருக்குன்னாரே."

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். பழியை அவர் ஏற்கனவே சுமந்துகொண்டு போய்விட்டார். இறந்தவரிடம் யாரும் விசாரிக்கப் போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் முகம் திரையில் இருந்தது.

"அப்பா இல்ல. நான்தான்" என்றேன். வட்டு, லேயர், கட்டளை எல்லாவற்றையும் சொன்னேன். தொழில்நுட்பமாகச் சொல்வது சுலபமாக இருந்தது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஆறு வருஷம்டி. அன்னிலேர்ந்து இந்த ரூமுக்குள்ள நான் காலெடுத்து வைக்கல. சோறு போட்டேன், முகம் கொடுத்துப் பேசல. ஒரு வார்த்தை, சின்னவதான் செஞ்சான்னு ஒரு வார்த்தை..."

"இவ தாங்க மாட்டான்னு நெனச்சிருப்பார்" என்றாள் அக்கா.

"நாம தாங்குவோம்னு நெனச்சாராக்கும்."

எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் நான் தேடியிருக்கிறேன் என்றேன். பொய். அதுவரை தேடவே இல்லை. பிறகு தேடினேன். கேமரா அட்டையில் நூறு முறை வேறு படங்கள் ஏறி இறங்கிவிட்டன. வட்டில் நான் அழித்தது அழிந்ததுதான். என் வேலையை நான் ஒழுங்காகச் செய்திருந்தேன்.

அக்கா திரைக்கு மிக அருகில் குனிந்திருந்தாள்.

"இந்த நிழல் யாரோடது?"

"என்னுதுதான்."

"உனக்கு அப்பக் கிராப்புடி. பேன் தொல்லைன்னு அம்மா ஒட்ட வெட்டி விட்டா. ஸ்கூல்ல உன்னைப் பையன்னு கூப்பிட்டாங்க."

பெரிதாக்கினேன். வெளிச்சுவரில், என் காலடியிலிருந்து கிளம்பிய நிழலுக்கு இரண்டு பின்னல்கள் இருந்தன. ஒன்று முன்னால் தொங்கியது. அக்கா தன் கையைத் தோளுக்குக் கொண்டுபோனாள்.

நாற்பத்தொன்றையும் திறந்து பார்த்தோம். பதினேழு படங்களில் வெயில் இருந்தது. பதினேழிலும் நிழலை விட்டிருந்தார். வேறு யாருடைய படத்திலும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா அந்தப் படத்தை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவையும் என்னையும் வைத்துக்கொண்டு, தன் நிழலைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாளாம். போனில் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்பும் தேதியை இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டேன். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அம்மா வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்கிறாள். அப்பாவின் நாற்காலியில் நான்.

"அந்தப் படத்தை வை" என்கிறாள்.

வைக்கிறேன். அவள் முதலில் அப்பாவைப் பார்க்கிறாள், பிறகு சுவரை. என் கை லேசாக அசைந்தாலும் பதறுகிறாள்.

"கண்ணைத் தட்டிடாதே."

மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். அவள் பார்த்து முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.